பூட்டுக் கைப்பிடியும் ஒன்பது ஒப்புதல்களும்

லண்டன்,
9 மார்ச் 1937

அன்புள்ள மச்சான் சிரிலுக்கு, வில்ஃப்ரெட் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மூட்டு வலியும் சுகம். அங்கே நீயும் என் தங்கை ஈடித்தும் கோழிகளும் சுகமா? கோழிகளோடாவது பேசுகிறாய் என்று ஈடித் எழுதியிருந்தாள்.

ஓய்வுபெற்ற குமாஸ்தாவைச் சும்மா விடுவார்களா? எங்கள் இலாகாவின் வரலாற்றை எழுது என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார்கள். கடற்படைக்கு ஆயுதம் தேர்ந்தெடுப்பதும் அதை வைத்துச் சுடக் கற்றுக்கொடுப்பதும்தானே வேலை, பத்துப் பக்கத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முதலில் ஆயுதப் பிரிவு, பயிற்சிப் பிரிவு என்று இரண்டு, பிறகு ஒன்று, பிறகு சண்டைபோட்டுக்கொண்டு மூன்று, மறுபடி ஒன்று. ஒவ்வொரு தடவையும் முதல் காரியம் கதவில் பெயரை மாற்றி எழுதுவது. இருபது வருஷமாக இந்த இலாகாவில் ஓயாமல் உழைத்தவன் அந்தப் பெயர் எழுதுகிறவன் ஒருவன்தான். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. எந்தக் கோப்பு வந்தாலும் எல்லா அதிகாரியும் அதில் ஏதாவது எழுதியாக வேண்டும். படிக்க நேரமில்லாதவர் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதுவார். படித்தவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது, அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

அப்படித்தான் அந்தக் கோப்பு கையில் கிடைத்தது. நீ பயிற்சி கொடுத்த அந்தப் புதுப் பீரங்கியைப் பற்றியது, மச்சான். மால்டாவிலிருந்து ஒரு பீரங்கிக்காரர் எழுதியிருக்கிறார்: 'பழைய பீரங்கியில் கைப்பிடியை மேலே தூக்கினால் பூட்டிக்கொள்ளும், சுடாது. புதியதில் மேலே தூக்கினால் பூட்டுத் திறந்து வெடிக்கும். பாடப்புத்தகத்தில் இன்னும் பழையதே இருக்கிறது.' ஆயுதப் பிரிவு 'புத்தகம் பயிற்சிப் பிரிவின் பொறுப்பு' என்று எழுதியது. பயிற்சிப் பிரிவு 'பீரங்கி ஆயுதப் பிரிவின் பொறுப்பு' என்றது. அதற்குள் இரண்டையும் இணைத்து ஒரே ஆளை உட்காரவைத்தார்கள். அந்த மகானுபாவர் இந்த நாற்காலியிலிருந்து அந்த நாற்காலிக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதில் வரவில்லை என்று தனக்கே நினைவூட்டலும் அனுப்பியிருக்கிறார். கீழே ஒன்பது 'ஒப்புக்கொள்கிறேன்'. எட்டு மாதம் கழித்து உன் பயிற்சி வகுப்பில் அந்தப் பீரங்கி வெடித்து ஜெம் ராப்சன் செத்துப்போனான்.

கைப்பிடி மேலே இருந்ததால் பயிற்றுநரின் கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதினார்கள். பூட்டினேன் என்று நீ சொன்னதை யாரும் கேட்கவில்லை, கடைசியில் நீயே உன் கையை நம்பவில்லை. ராப்சனின் மனைவி எதிரே வந்தால் தெருவைக் கடந்துவிடுகிறாய் என்று ஈடித் அழுதாள். பதினோரு வருஷம்! நீ புத்தகப்படிதான் செய்தாய். உன் கை தவறவில்லை.

இதை எல்லாம் வரலாற்றில் ஒரு பக்கமாகச் சேர்த்து எழுதிக்கொண்டுபோய் இலாகாத் தலைவர் கமாண்டர் ஃபான்ஷாவிடம் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைத் தனியே உருவி எடுத்தார்.

"பெங்கெல்லி, வரலாறுங்கிறது தாத்தா படம் மாதிரிய்யா. மீசை தெரியணும், மரு தெரியக் கூடாது."

"ஒருத்தன் தலையில பழி நிக்குதே சார்."

"பதினோரு வருஷமா நிக்குது. பழகியிருக்கும். எடுத்துடும்."

எடுத்துவிட்டேன். திட்டிக்கொள், மச்சான். முப்பது வருஷம் தலையாட்டிய கழுத்து, திடீரென்று நிமிர மாட்டேன் என்கிறது. உலகத்துக்குத் தெரியாவிட்டாலும் உனக்காவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ நம்பினால் போதும்.

ஈடித்துக்கு என் ஆசி. உன் கோழிகள் தவறாமல் முட்டையிடட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
வில்ஃப்ரெட் பெங்கெல்லி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தட்டச்சு செய்யும் மிஸ் டிம்ஸ் இப்போதுதான் வந்து, நான் எடுத்த பக்கத்தை அவள் திரும்பச் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். "ஐயோ, கமாண்டர் பாத்தாரா?" என்றேன். "பாத்தாரான்னு தெரியாது சார். 'ஒப்புக்கொள்கிறேன்'னு எழுதிக் குடுத்துட்டாரு. அச்சுக்குப் போயாச்சு" என்றாள். அறுபத்து மூன்றாம் பக்கம். அச்சாகி வந்ததும் இரண்டு பிரதி அனுப்புகிறேன். ஒன்றை ராப்சனின் மனைவியிடம் நீயே கொண்டுபோய்க் கொடு.