மேஸ்திரியும் நானும் வானத்துக் கல்லும்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம். அங்கே தங்களும் சம்பந்தியம்மாவும், தங்கள் மெத்தைக் கடையும், கடை வேனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேனைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வேனை எடுத்துக்கொண்டு வந்து தங்கள் பெண்ணை அழைத்துப் போகப்போவதாக என் மனைவியிடம் போனில் சொன்னீர்களாம். தயவுசெய்து வர வேண்டாம். இங்கே ஒரு குறையும் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் ஒன்பது வார்த்தை பேசிவிடுவீர்கள். கடிதம் என்றால் முடிக்கும் வரை குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதிக் கூரியரில் போடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டபோது தங்கள் பெண் "அப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழுதாள், உடனே போனையும் வைத்துவிட்டாள். இது உண்மை, நான் மறைக்கவில்லை. ஆனால் அழ வைத்தது என் மனைவி இல்லை. என் மகனும் இல்லை, அவன் அன்றைக்குத்தான் அதிசயமாக ஒரு தப்பும் செய்யாமல் இருந்தான். அழ வைத்தது நான். கல்யாணப் பேச்சின்போது நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம், ஆனா என் பொண்ணோட வேலையில மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றீர்கள். நானும் பெரிய மனிதன் மாதிரி தலையாட்டினேன். அந்த வேலையில்தான் கை வைத்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

தங்கள் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று நம் இருவரையும் யாராவது கேட்டால் "ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவோம். போன வாரம்தான் எனக்கு அது விளங்கியது. தொலைநோக்கி வைத்து வானத்தைப் படம் படமாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். அதில் நட்சத்திரங்களுக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் நகர்ந்துகொண்டிருக்கும் கற்களை இவள் தேடுகிறாள். கல் என்றால் நம் தெருவில் காலில் இடிக்கிற கல் இல்லை, ஒரு மலையளவு இருக்கும், ஆனால் படத்தில் ஊசி முனை அளவுகூடத் தெரியாது. அப்படி ஒன்றை மூன்று படங்களில் பார்த்துவிட்டாள், அதற்குப் பிறகு அதைக் காணவில்லை. பழைய படங்களில் எங்காவது அது அகப்பட்டால்தான் அது நிஜம், இல்லாவிட்டால் கேமராவில் பட்ட தூசு என்று சொல்லிவிடுவார்களாம். பழைய படங்களோ மலைபோல் குவிந்து கிடக்கின்றன. ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னால் நம் பேரன் பேத்திகள் ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பல நாட்டு ஆராய்ச்சிக் கூடங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கின்றன, ஆயிரக்கணக்கில். அதற்கு கிரிட் என்று பெயர். எங்கோ பேர் தெரியாத ஊரில் முகம் தெரியாத ஒருவர் வைத்திருக்கும் இயந்திரம் நம் வீட்டுப் பெண்ணுக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடும். சம்பந்தி, நம் தெருவில் ஒரு ஏணி இரவல் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்!

அந்த கிரிட்டிடம் போய் வாயால் வேலை சொல்ல முடியாது. வேலைக் குறிப்பு என்று ஒன்று எழுதி அனுப்ப வேண்டும். இந்த புரோகிராமை ஓட்டு, இந்தப் படங்களை எடுத்துக்கொள், இவ்வளவு நினைவகம் வேண்டும், விடையைக் கொண்டுபோய் இங்கே வை, கறை துடைத்து முடித்தால்தான் படங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்த வேண்டும், பொருத்தி முடித்தால்தான் எது நகர்ந்தது என்று பார்க்க வேண்டும், தவறிவிட்டால் இன்னும் மூன்று முறை முயற்சி செய். என் மகனிடம் நான் இருபத்தெட்டு வருஷமாக இதைத்தான் சொல்கிறேன், ஒரு முறைகூட முயற்சி செய்தது கிடையாது. குறிப்பில் ஒரு எழுத்து தப்பினாலும் ஆயிரம் வேலையும் ஆயிரம் இடத்தில் குப்புற விழும், கிரிட்காரர்கள் வரிசையில் இவளுக்கு முறையே கொடுக்க மாட்டார்கள். அதனால் வீட்டிலேயே ஒரு வெள்ளோட்டம் விட்டுக் கொஞ்சம் படங்களுக்கு முழு விடை எடுத்து, புதன்கிழமை சாயங்காலத்துக்குள் காட்ட வேண்டும். காட்டினால் முறை கிடைக்கும். காட்டாவிட்டால் அடுத்த வருஷம்தான், அதற்குள் இவளுடைய வேலை ஒப்பந்தமே முடிந்துவிடும், கல்லும் போய்விடும்.

வெள்ளோட்டம் விடுவதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறாள் பாருங்கள், அதைப் பார்த்துத்தான் நான் அசந்து போனேன். கிரிட்டுக்காக எழுதிய அதே குறிப்பை, ஒரு எழுத்துகூட மாற்றாமல், அது வாங்கிக்கொள்ளும். ஆயிரம் இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை நம் ஹாலில் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் கிழட்டு கம்ப்யூட்டரிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து வாங்கும். எது முடிந்தது, எது பாக்கி, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும். என் மனைவி அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மேஸ்திரி வேலையை ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் சூடேறியது என்று என் மனைவி எனக்குப் போட்டிருந்த டேபிள் ஃபேனை எடுத்து அதற்குப் போட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக அவள் இவ்வளவு வேகமாக எழுந்தது கிடையாது. அந்த நேரம் பார்த்து என் மகன் வாஷிங் மெஷினும் ஓடும்போதே இஸ்திரிப் பெட்டியையும் சொருகினான், வீடே இருண்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. போச்சு, எல்லாம் முதலிலிருந்து என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தங்கள் பெண் பதறவே இல்லை. ஃபியூஸ் போட்டதும் மேஸ்திரியை எழுப்பினாள். அது முடிந்த வேலையை எல்லாம் எட்டிப் பார்த்து, சரி, இதெல்லாம் ஆயிற்று என்று ஒதுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது சம்பந்தி! நான் பெரிய ஆஸ்பத்திரியில் வெளி நோயாளிகள் வரிசையைப் பார்த்துக்கொண்டவன். அங்கே கரண்ட் போய் வந்தால் டோக்கன் முதலிலிருந்து ஆரம்பிக்கும், என் சட்டைக் காலர் நோயாளிகளின் கையில் இருக்கும். அப்போது மட்டும் இப்படி ஒரு மேஸ்திரி என் பக்கத்தில் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் முடியோடு ஓய்வு பெற்றிருப்பேன்.

இனிமேல்தான் என் பிரதாபம். செவ்வாய்க்கிழமை அவள் ஆபீஸ் கிளம்பும்போது, "மாமா, நீங்க சும்மா பார்த்துக்கிட்டு இருந்தா போதும். பச்சை முடிஞ்சது, மஞ்சள் ஓடுறது, சாம்பல் காத்திருக்கிறது. சிவப்பு வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க. வேற எதையும் தொட வேணாம்" என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பார்த்தால் ஒரே ஒரு மஞ்சள்தான் ஓடுகிறது, அதற்குப் பின்னால் சாம்பல், சாம்பல், சாம்பல், திரை கொள்ளாத சாம்பல். இவ்வளவு கூட்டம் நிற்கிறது, ஒரே ஒரு கவுண்டரைத் திறந்து வைத்திருக்கிறார்களே! காலம் முழுக்க வரிசையைப் பார்த்தவனுக்கு இதை எப்படிப் பொறுக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். கண்ணை மூடினால் யாரோ "எவ்வளவு நேரம்யா நிக்கிறது" என்று கத்துகிற மாதிரியே இருக்கிறது. அமைப்புகள் என்று ஒரு பக்கம் இருந்தது, திறந்தேன். ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று ஒரு கட்டம். அதில் ஒன்று என்று இருந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி, "அங்க என்னங்க பண்றீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, நியாயம் பண்றேன்" என்று சொல்லிவிட்டு நாற்பது என்று போட்டுத் தட்டிவிட்டேன்.

திரை முழுக்க மஞ்சள். ஆகா, என்ன அழகு என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் மவுஸ் அம்பு உறைந்தது, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபேன் விமானம் கிளம்புகிற மாதிரி அலறியது, மஞ்சள் எல்லாம் சிவப்பாயிற்று. மேஸ்திரி விடுமா? குறிப்பில்தான் மூன்று முறை என்று இருக்கிறதே, நாற்பதையும் மறுபடி எழுப்பியது, மறுபடி விழுந்தன, மறுபடி எழுப்பியது. ஏதோ கருகுகிற வாசனை. என் மனைவி ஓடி வந்து அடுப்பைப் பார்த்தாள், அடுப்பில் ஒன்றுமில்லை. நான் பதறிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். அதோடு சரி. அதற்கப்புறம் என்ன தட்டியும் அது கண்ணைத் திறக்கவில்லை. ரிப்பேர்காரர் வந்து மோந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், டிஸ்க் மட்டும் தப்பிச்சிருக்கு" என்று டிஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். தங்கள் பெண் வந்து பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பரவால்ல மாமா" என்றாள், அதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது, சரியாக அந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்தீர்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது எனக்கு. இவ்வளவு பெரிய வானத்தில் அவள் தேடின ஒரே ஒரு கல், அதை நான் மண்ணில் போட்டுவிட்டேனே என்று.

அப்புறம்தான் சம்பந்தி அதிசயம். என் மகன் எழுந்து உள்ளே போய் அவனுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அதைத் தொட என்னைக்கூட விட மாட்டான், ஃபுட்பால் மேட்ச் பார்க்கிற லேப்டாப். "இதுல ஓடுமா?" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிஸ்க்கை ஒரு ஒயரில் கோர்த்து, மேஸ்திரியை அதில் ஏற்றி, அதே குறிப்பைக் கொடுத்தாள். அதே குறிப்பு, ஒரு எழுத்து மாற்றவில்லை. இது யார் வீட்டு இயந்திரம், இதன் தகுதி என்ன, நேற்றுவரை இதில் என்ன பார்த்தார்கள் என்று மேஸ்திரி ஒரு கேள்வி கேட்கவில்லை. முடிந்தவை எல்லாம் பச்சை, நான் கெடுத்தவையும் பாக்கி இருந்தவையும் சாம்பல். வரிசையில் முதல் ஆளைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த வேலை இங்கே இந்த ஹாலில் ஓடினாலும் ஓடும், கடல் தாண்டி எவனோ ஒருவனிடம் ஓடினாலும் ஓடும், அங்கேயும் இதே விடைதான் வரும். சரியாகச் சொல்லிவிட்டால் போதும், யார் செய்தால் என்ன! உலகத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது என்பதே தெரியாமல் எனக்கு வயசாகிவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் கடைசிச் சாம்பலும் பச்சையானது. தங்கள் பெண் ஒரு பழைய படத்தைத் திறந்தாள், பக்கத்தில் இன்னொன்று, மாற்றி மாற்றிக் காட்டினாள். ஆயிரம் புள்ளி அசையாமல் நிற்கிறது, ஒரே ஒரு புள்ளி, கண் இமைக்கிற மாதிரி, இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. "அத்தை, இதுதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாங்கள் நாலு பேரும் ஒரு லேப்டாப்பைச் சுற்றிக் குனிந்து நின்றோம். என் மனைவி, "இத இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லையா?" என்று கேட்டாள். "இல்ல அத்தை, இப்பதான் நாம பார்க்கிறோம்." என் மனைவி புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். தூசு இல்லை, துடைத்த பிறகும் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை. சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டாள், அவர்களும் முறை ஒதுக்கிவிட்டார்கள். இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணை எங்கள் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறீர்களே, நான் இதுவரைக்கும் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், நன்றி சம்பந்தி.

ஆகவே வேன் தேவையில்லை. அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் இனிமேல் எந்தக் கம்ப்யூட்டரையும் தொடுவதில்லை என்று குடும்பத்தார் முன்னிலையில் சத்தியம் செய்திருக்கிறேன், டேபிள் ஃபேனும் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். எல்லோரும் நல்ல சுகத்தோடும், போகாத கரண்டோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பி.கு.: உறையில் போடுவதற்குள் ஒரு விஷயம் தெரிந்தது. கிரிட்டில் அவளுடைய முறை வர அடுத்த மாதம் ஆகுமாம். அதுவரை இன்னும் கொஞ்சம் பழைய படங்களை வீட்டிலேயே ஓட்டுகிறாள், திரை முழுக்க மறுபடியும் சாம்பல், கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வேனோடு கட்டாயம் வந்துவிடுங்கள். பெண்ணை ஏற்றிக்கொண்டு போக இல்லை, உங்கள் கடையில் பில் போடுகிற அந்தப் பெரிய கம்ப்யூட்டரை இங்கே இறக்கி வைக்க. ஞாயிறு வரைக்கும்கூட வேண்டாம், இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பிவிடுங்கள். நீங்கள் எப்படியும் கொண்டுவருவீர்கள் என்ற தைரியத்தில், ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்கிற அந்தக் கட்டத்தில் ஒன்றை அழித்து இரண்டு என்று போட்டுவிட்டேன். லேப்டாப் கொஞ்சம் சூடாக இருக்கிறது. என் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.