குத்தகைக் குளத்து முதலை

"முதலை கிடக்குற குளத்துல யாருங்க வலையோட இறங்குவா?" என்றார் வலைக்காரர் காயாரோகணம். அவருடைய ஆட்கள் தோளிலிருந்து வலையை இறக்கவே இல்லை.

குத்தகைக்காரர் உத்திராபதி சூரியனை அண்ணாந்து பார்த்தார். ஊர்ப் பொதுக்குளத்து மீன் குத்தகை அன்றோடு முடிகிறது. பொழுது சாய்ந்த பிறகு அதில் நீந்துவதெல்லாம் அடுத்த குத்தகைதாரருக்குச் சொந்தம். மீனில் தோற்றால் மச்சானுடைய ரைஸ்மில்லில் தவிடு அள்ளப் போவதாக மனைவி சுந்தரியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மச்சான் புதுக் கூடையே வாங்கி வைத்துவிட்டதாகத் தகவல்.

முதலை உத்திராபதியின் சொந்தத் தயாரிப்பு. குளத்தின் கீழ்க்கரையில் ஆளுங்கட்சிக் கொடி, மேல்கரையில் எதிர்க்கட்சிக் கொடி. குத்தகை மீனைத் தூண்டில் போட்டுத் திருடுவதில் மட்டும் இரு கரைக்கும் ஒரே கொள்கை. பொறுத்துப் பார்த்த உத்திராபதி, கொள்ளிடத்து முதலை ஒன்று குளத்துக்கு வந்துவிட்டதாக டீக்கடையில் சொல்லிவைத்தார். மறுநாளே தூண்டில்கள் மறைந்தன. கெண்டைகள் கொழுத்தன.

"அது போயிடுச்சுங்க," என்றார் இப்போது.

"போனதைப் பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப இங்கதான் இருக்கு."

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். "முதலையே கிடையாதுங்க. திருட்டுக்குப் பயந்து நான் கட்டிவிட்ட கதை."

கரையில் கூடியிருந்த கூட்டம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. ஊராட்சித் தலைவர் சாமிதுரைக்குக் கோபமே வந்துவிட்டது.

"படித்துறையில வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்ததை நானே பாத்தேன்யா. அப்ப நான் பொய் சொல்றேனா?"

எதிர்க்கட்சி இராஜாங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. "அவரு பாத்தது வாயை மட்டுந்தான். முழுசாப் பாத்தது நான்."

"யாரும் இறங்கக் கூடாது," என்றார் தலைவர். "உசுரு போனா ஊராட்சிதான் பதில் சொல்லணும்."

உத்திராபதி வேட்டியை மடித்துக் கட்டினார். "நானே இறங்கிக் காட்டுறேன்."

"வேணாங்க," என்றாள் சுந்தரி. "மில்லுன்னா உசுரோடயாவது இருப்பீங்க."

அவள் மில்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நின்றிருப்பார். முழங்கால், இடுப்பு, மார்பு என்று நடந்து நடுக்குளத்தில் போய் நின்றார். தண்ணீர் சும்மா கிடந்தது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். காயாரோகணத்தின் ஆட்கள் வெட்கத்தோடு வலையைப் பிரித்தார்கள். தலைவர் வேறு பக்கம் பார்த்தார்.

அந்த நேரத்தில் கொள்ளிடக்கரை ஊரிலிருந்து மீன்காரி எல்லையம்மாள் கூடையோடு வந்துசேர்ந்தாள்.

"நடுக்குளத்துல நிக்கிறது யாரு தம்பி?"

"குத்தகைக்காரரு. முதலை இல்லைன்னு நிரூபிக்கிறாரு," என்றார் காயாரோகணம்.

எல்லையம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"நேத்து எங்க ஊரு வாய்க்கால்ல முதலை ஒண்ணு மாட்டுச்சு. உங்க குளத்துல ஒண்ணு ஒத்தையாக் கிடக்குதே, பாவம், ஜோடி சேரட்டும்னு எங்க ஆளுங்க ராத்திரியே கொண்டாந்து இதுல விட்டுட்டாங்களே."