மருதாள் போட்ட மார்க்கு

மருதாள் எத்தனை மார்க்குப் போட்டாள் என்று தெரியாமல் ஆறுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

மருதாளுக்குப் பனியன் கம்பெனியில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் வேலை. அங்கே ஒரு நர்ஸம்மா சர்வே பாரத்தோடு வந்து, கல்யாணமான பெண்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருந்தார். ‘வீட்டுக்காரர் வேண்டாமென்றாலும் கருத்தடை மாத்திரையை நாள் தவறாமல் போட்டுக்கொள்வேன் என்ற நம்பிக்கை உங்களுக்கு எவ்வளவு? சைபரிலிருந்து பத்துக்குள் மார்க் போடவும்.’

ஆறுச்சாமிக்கு இரண்டு பெண்கள். மூன்றாவது பையனாக வேண்டுமென்று மூன்று வருடமாகத் திங்கள்தோறும் வீரபாண்டியிலிருந்து அவிநாசிக்கு நடந்தே போய் வந்துகொண்டிருந்தார். பலனில்லை. அதுவரை அவருக்குச் சாமி மேல்தான் சந்தேகம்.

“ஏம்புள்ள, எத்தன போட்ட?”

“அதைய வெளிய சொல்லக்கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்குதுங்க.”

“நானு வெளியாளா?”

“அந்தக் கேள்வியில நீங்கதானுங்க வெளியாளு.”

மருதாள் வேலைக்குப் போனதும் அவர் வீட்டைக் குடைந்தார். சீரக டப்பாவுக்குள் இரண்டு வெள்ளை மாத்திரைகள் அகப்பட்டன. சாயப்பட்டறையில் கலர் மாஸ்டரான அவருக்கு, எதையும் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். கரைத்தார். நிறம் வரவில்லை. வாசனையும் இல்லை. குடித்துப் பார்த்தார்.

அது பேதி மாத்திரை என்பது அரை மணி நேரத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

மறுநாள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து கம்பெனிக்குப் போனார். ஆபீஸ் அறையில், மறுபடியும் வந்திருந்த நர்ஸம்மா பாரங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க அம்மிணி, எங்கூட்டுல எத்தனைங்க போட்டா?”

“அப்படித் தனியாச் சொல்லக்கூடாதுங்க.” பெருமூச்சு விட்டார். “சொல்றதுக்குத்தான் என்ன இருக்குது? முப்பத்திரண்டு பேரும் சைபருங்க! ஒருத்திக்குக்கூடத் துளி நம்பிக்கை இல்ல. மேல நான் என்னன்னு எழுதறது?”

ஆறுச்சாமிக்குப் போன உயிர் திரும்பியது. சந்தேகம் பழையபடி சாமி மேலேயே போய்ச் சேர்ந்தது. கட்டினவளைத் தப்பாக நினைத்த பாவத்துக்கு இரண்டு கிலோ ஜிலேபி வாங்கிவந்து, டீ நேரத்தில் செக்கிங் பெண்களுக்குத் தன் கையாலேயே கொடுத்தார். மருதாள் ஒன்றை வாங்கிக்கொண்டு, நிமிராமல் பனியனை மடித்துக்கொண்டிருந்தாள்.

மதுரைப் பக்கத்துப் பாண்டியம்மாள்தான் கேட்டாள். “என்னண்ணே விசேசம்?”

“எல்லாரும் சைபர் போட்டீங்களாமா, அதுக்குத்தானுங்க!”

பாண்டியம்மாள் பெருமையோடு ஜிலேபியைக் கடித்தாள்.

“பின்ன, செக்கிங்ல பழகுன கையில்லண்ணே? நாங்க குறைக்குத்தான் மார்க்குப் போடுவோம், ஒரு ஓட்டைகூட இல்லாத சரக்குன்னா சைபரு!”