ஆர்வில் மாமா படகின் முன்சீட்டு யாருக்கு?

அன்பும் பெருந்தன்மையும் இப்போது ஒரு புது முழங்காலும் கொண்ட ஆர்வில் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் மார்னி மிகவும் பணிவாக எழுதிக்கொள்வது. (சிரிக்காதீர்கள், தையல் பிரிந்துவிடப் போகிறது.) இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சௌக்கியம். கொசுக்கள் எங்களைவிடச் சௌக்கியம், அவற்றின் சாப்பாடே நாங்கள்தானே. டுலூத் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை நீங்கள் குறை சொல்வதாக டெல்லா அத்தை எழுதியிருந்தார்கள். குறை சொல்லுமளவுக்குத் தேறிவிட்டீர்கள் என்று அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, தூண்டிலில் மாட்ட நீங்களே மரத்தில் செதுக்கிய அந்த விசிறிவால் பொய்மீனை எங்கள் சமையலறை மேசையில் வைத்து, "இதை யார் ஒழுங்கா ட்யூன் பண்ணி, முதல்ல ஒரு மஸ்கி மீனப் படகு வரைக்கும் கொண்டு வர்றீங்களோ, செப்டம்பர்ல மீன்பிடி சங்கப் போட்டிக்கு என் படகோட முன்சீட்டு அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். போட்டியில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் என் தகப்பனார் நார்பர்ட். இன்னொருவர் மூன்று கோடைகாலமாகக் கரையில் நின்று உங்கள் படகுக்குக் கையசைத்துக் கையசைத்து வலது தோள் மட்டும் பெருத்துப்போன நான். மஸ்கி இன்னும் படகுக்கு வரவில்லை. ஆகவே இதுவரை நடந்ததைப் பாரபட்சமில்லாமல் எழுதுகிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

முதல் நாள் அப்பா அந்த மீனைக் கையிலெடுத்து வால் விசிறியில் ஊதினார். நல்ல விசிறி என்றால் மூச்சுக் காற்றுக்கே சுற்ற வேண்டும் என்பது உங்கள் போதனை. சுற்றவில்லை. மறுபடி ஊதினார். முகம் தக்காளியானது. அம்மா அடுப்பிலிருந்து, "நார்ப், பொறந்தநாள் கேக்குனு நெனச்சுட்டியா?" என்றாள். உடனே நம் விஞ்ஞானி குறடை எடுத்து விசிறியின் இரண்டு இதழ்களையும் வளைத்தார். இரண்டையும் ஒரே அளவு வளைக்க வேண்டும், அதிலும் நூலளவுதான் என்று நீங்கள் பொய்மீன் பெட்டி மூடியில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆனால் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அல்லவா அது உபயோகம்! ஒரு இதழ் வானத்தைப் பார்த்தது, இன்னொன்று எங்கள் பூனையைப் பார்த்தது. ஏரியில் போட்டு இழுத்தால் வால் சும்மா இருக்க, மொத்த மீனும் திருவிழா ராட்டினம் மாதிரி உருண்டு, நூல் முறுக்கிக்கொண்டு, பார்க்க அத்தை தலையில் சுருள் போட்ட நாள் மாதிரி ஆகிவிட்டது.

ஒருவழியாக இதழ்களை நிமிர்த்தினோம். சுற்ற ஆரம்பித்தது, ஆனால் கிறீச்சென்று சத்தம். மாமா, அந்தச் சத்தம் எப்பேர்ப்பட்ட சொத்து என்று இந்தக் கவுண்டியில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். இரும்பும் இரும்பும் உரசும் அந்தக் கத்தலுக்குத்தான் ஆழத்தில் தூங்கும் கிழட்டு மஸ்கிகூட கோபித்துக்கொண்டு மேலே வரும். ஆனால் அப்பாவுக்கு அதைக் கேட்டதும் இரக்கம் சுரந்தது. சமையலறைக்குப் போய், பான்கேக் சுடும் எண்ணெயில் நாலு சொட்டு விட்டார். சத்தம் போச்சு. உங்கள் பன்னிரண்டு வருட உழைப்பு வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. வாசனை மட்டும் பிரமாதம்.

போன சத்தத்தைத் திரும்ப வரவழைக்க உலகத்திலேயே ஒரே வழிதானே இருக்கிறது? பொய்மீனைக் கார் ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு நாற்பது மைல் வேகத்தில் போக வேண்டும். காற்றில் விசிறி தேய்ந்து தேய்ந்து குரல் வந்துவிடும். நீங்கள் முழு ஹேவர்ட் சாலையையும் அப்படிக் கடந்தவர், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னிடம் கற்றுக்கொள்ளும் லைசென்ஸ் இருப்பதால் நான் ஓட்டினேன். அப்பா வலது பக்க ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "கொக்கியக் கழட்டிருங்கப்பா" என்றேன், அவ்வளவு பொறுப்போடு. "ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்குக் கழட்டணும்?" என்றார். எதிரே பால் டேங்கர் வந்தது, ஓரம் கட்டினேன். சர்ச் வேலியில் கட்டியிருந்த துணிப் பேனர் கொக்கியில் மாட்டியது. அடுத்த அரை மைலுக்கு "வெள்ளிக்கிழமை மீன் வறுவல், அனைவரும் வருக" என்று ஊரை அழைத்துக்கொண்டே போனோம். பின்னால் நீல விளக்கு சுழன்றது.

துணை ஷெரிஃப் லுண்ட்க்விஸ்ட் இறங்கி வந்தார். துணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்ன நார்ப், சர்ச்ல சேர்ந்துட்டியா? விளம்பரமெல்லாம் பலமா இருக்கு."

"சத்தம் வர வைக்கிறோம் ஐயா."

"வந்துச்சா?"

"கொஞ்சம் வந்துச்சு. இன்னும் தொண்டை கட்டுன மாதிரிதான் இருக்கு."

அவர் அபராதச் சீட்டை எழுதவில்லை. பொய்மீனை வாங்கிக் காதருகே வைத்து விசிறியைச் சுற்றினார். "எடது எதழு படுத்துருச்சுய்யா. இத வெச்சுக்கிட்டா தண்ணிக்குப் போறீங்க?" என்று தன் பல்லாலேயே லேசாகக் கடித்து வளைத்தார்! அதற்குள் பால் டேங்கர்க்காரர் திரும்பி வந்து, "வலது பக்கம்தான் தப்பு" என்றார். துணியைத் தேடிவந்த பாஸ்டர் அம்மா இருவரையும் விலக்கி, "ரெண்டும் சரியாத்தான் இருக்கு. உள்ள இருக்கற மணி எண்ணெயில ஊறிப்போச்சு. சோப்பு போட்டுக் கழுவுங்க, முட்டாப் பசங்களா" என்று ஆசீர்வதித்துவிட்டு, துணியைச் சுருட்டிக்கொண்டு போனார். கழுவினோம். மாமா, அன்றைக்கு அது கத்திய கத்தலில் எங்கள் பூனை வீட்டை விட்டு ஓடியது. இரண்டு நாளாகக் காணோம்.

நேற்று சாயங்காலம் ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. அப்பா படகிலிருந்து நாணல் ஓரமாக வீசி, ஒரே சீராக இழுத்தார். ப்ளப், ப்ளப், கிறீச், ப்ளப். பின்னால் தண்ணீர் மெல்ல எழும்பியது. மாமா, விளக்குக் கம்பம் அகலம் இருக்கும் ஒரு முதுகு! "கண்ணால பாத்து இழுக்காதே, கையில கனம் தெரிஞ்சதும் இழு" என்றும் அந்த மூடியில் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் வெடித்ததும் அப்பா பார்த்தார், பார்த்த அதே விநாடி இழுத்தார். மீன் வாயில் இருக்கவேண்டிய பொய்மீன் ராக்கெட்டாகத் திரும்பி வந்து, அவருடைய பின்பக்கத்தில், கௌரவமாகச் சொல்வதென்றால், உட்காரும் இடத்தில் இறங்கியது. போல்ட் வெட்டும் கத்திரியால் கொக்கியை வெட்டி எடுத்தோம். அந்த நிலைமையிலும், "வாலு நல்லா சுத்துதே" என்றார். இரவுச் சாப்பாடு நின்றுகொண்டே நடந்தது.

தண்ணியில் ஒரு வாலை ஒழுங்காகச் சுற்றவிடத் தெரியாதவருக்கு முன்சீட்டா? வீட்டிலேயே ஒரு வால் (நான்தான்) சும்மா இருக்கிறதே! உங்கள் மேலான தீர்ப்பை எதிர்பார்க்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் மான்போலத் துள்ளவும், நர்சுகளுக்குப் பொறுமை பெருகவும், படகு மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பவும் பிரார்த்திக்கும்,

மார்னி

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டச் சொல்லி இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். மடிக்காமல் கொடுத்தது என் புத்திசாலித்தனம். நின்றபடியே முழுசாகப் படித்தார். "மாமாவுக்கு முட்டி வலிக்குதான்னு கேக்கவே இல்லையேம்மா" என்று மட்டும் சொல்லி, தபால்தலையை எச்சில் தொட்டு ஒட்டினார். அதனால் மாமா, மேலே 'அப்பா' என்று இருக்கும் இடத்திலெல்லாம் தயவுசெய்து 'மார்னி' என்று படித்துக்கொள்ளவும். குறடு, எண்ணெய், கொக்கியைக் கழற்றாதது, கண்ணால் பார்த்து இழுத்தது எல்லாம் நான். வண்டி ஓட்டியவர் அவர், கழற்றச் சொன்னவரும் அவர். கொக்கி இறங்கிய இடம் மட்டும் அவருடையதுதான், அதை மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. மஸ்கி படகுக்கு வரவில்லை என்று மேலே எழுதியதும் பொய். கொக்கியை வெட்டி எடுத்தபிறகு அவரால் உட்கார முடியவில்லை. முட்டி போட்டபடியே புதுக் கொக்கி மாட்டி மூன்று தடவை வீசினார். மூன்றாவதில் அதே முதுகு. கனம் தெரியும்வரை கை அசையவே இல்லை. நாற்பத்தாறு அங்குலம். வலை பிடித்தது நான், அதில் தப்பு ஒன்றும் நடக்கவில்லை. அளந்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டோம். "மாமாவுக்கு எழுதறப்ப இதச் சொல்லிடாத, உனக்கும் ஒரு வாரம் டயம் இருக்கட்டும்" என்றார்.

முன்சீட்டு அவருக்குத்தான். ஆனால் ஒரு படகில் இரண்டு பேர்தான் என்ற சங்க விதியை எழுதிய செயலாளர் நீங்கள்தானே? ஆஸ்பத்திரியில் சும்மாதானே படுத்திருக்கிறீர்கள், 'வலை பிடிக்க ஒருவர்' என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்களேன். பேனா இல்லையென்றால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.