குற்றமற்ற வேலி

மனிதன் செய்த பொருள்களில் மகத்தானது எது என்று கேட்டால், நீச்சல்குளத்தைச் சுற்றி நிற்கும் வேலி என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டை கொத்தளமெல்லாம் அதற்கு அப்புறம். கோட்டைக் கதவை அடைக்க ஆள் வேண்டும். குளத்து வேலிக்கதவு தானே சாத்திக்கொள்ளும், தானே தாழும் போட்டுக்கொள்ளும். சட்டம் அப்படி.

ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் புறநகரில் மெர்வின் டக்வெல் வீட்டுக் கொல்லையில் அப்படியொரு குளம் இருந்தது. அவர் மகள் லீன் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வேலிக்குச் சான்றிதழ் வாங்குப்பா. வாங்காம டில்லியைக் கூட்டிட்டு வரமாட்டேன்."

டில்லி பேத்தி, இரண்டு வயது. அவளைப் பார்த்து நாலு மாதமாகிறது. கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆய்வாளரை வரவழைத்தார்.

வந்த ஆய்வாளர் ராஸ் ஹெஃபர்னன் மாபெரும் மேதை. மண்டியிட்டு அளந்தார், குப்புறப்படுத்தும் அளந்தார். வேலிக்கு வெளியே நின்ற ரோஸ்மேரித் தொட்டியைக் கண்டதும் அவர் முகம் இருண்டது.

"எடுத்துடுங்க பெரியவரே. தொண்ணூறு சென்டிமீட்டருக்குள்ள இருக்கு. பிள்ளை இதுமேல ஏறித் தாண்டும்."

"ரெண்டு வயசுப் பிள்ளையா, குரங்கா?"

"சட்டத்துல பிள்ளைன்னுதான் போட்டிருக்கு."

தொட்டி போனது. கிளை நீட்டிய எலுமிச்சை மரமும் போனது. மூழ்கியவரைப் பிழைக்க வைக்கும் முறையை எழுதிய பலகை வந்தது. விதிப்படி மூன்று மீட்டர் தள்ளி நின்று ராஸ் அதைப் படித்துப் பூரித்தார்.

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியலையே" என்றார் மெர்வின்.

"உங்க கண்ணுக்கு விதி கிடையாது."

சான்றிதழ் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை டில்லியும் வந்தாள். கொல்லையில் இறைச்சி சுட்டார்கள், அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேர், சிறப்பு விருந்தினராக ராஸ். வேலிக்கு உள்ளே குளத்தோரம் மேசை போட்டிருந்ததால் போக வர அந்த உத்தமக் கதவு ஒவ்வொரு தடவையும் சாத்திக்கொண்டது. இரண்டு கையிலும் தட்டு வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய இம்சை.

"ரெண்டே நிமிஷம்பா" என்று சொல்லி, பீர் நிறைந்த ஐஸ்பெட்டியைக் காலால் தள்ளித் திறந்த கதவுக்கு முட்டுக்கொடுத்தார் ராஸ். எல்லோரும் நன்றி சொன்னார்கள். மேசையில் இருந்ததெல்லாம் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தது. பெட்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அரைமணி கழித்து மெர்வின் திரும்பிப் பார்த்தார். குளத்துப் படியில் டில்லி. தண்ணீர் மார்பு வரை. இன்னொரு படி இறங்கினால் தலைக்கு மேல். கிழவர் சப்பாத்தோடு பாய்ந்து, பாவாடையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். பிள்ளை சிரித்தது. லீன் ஓடிவந்து பிடுங்கி அணைத்துக்கொண்டு அழுதாள்.

கிழவர் வெளியே வர வழிவிட்டு, ராஸ் பெட்டியை நகர்த்திவிட்டுத் திறந்திருந்த கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். சற்று நேரத்தில் கடமை உணர்ச்சி திரும்பிவிட்டது. குறிப்பேட்டை எடுத்தார்.

"வேலியில குத்தமில்ல. கதவைத் திறந்து போட்டதுதான் குத்தம். வீட்டுக்காரர் பேர்ல எழுதணும்."

"பெட்டியை வச்சவன் நீதான்யா!"

"சட்டத்துல வீட்டுக்காரர்னுதான் இருக்கு பெரியவரே. வச்சவர்னு இல்ல."

நனைந்த சட்டையைப் பிழிந்தபடி மெர்வின் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எழுதுப்பா, நல்லா எழுது. ஆனா முதல்ல அந்த முதுகை எடு. கதவு சாத்தட்டும்."