குமிழி காணாததை எழுதமாட்டாள்

உலகத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த அத்தனை பேரும் பொய்யர்கள். நான் பொய்க்காரி. எனக்கு முன் வரிசை வாங்கில் இருந்து எப்போதும் முதலாம் பிள்ளையாக வந்தவள் என்னைவிடப் பெரிய பொய்க்காரி. உங்களுக்கு இன்று மருந்து எழுதித் தரும் டாக்டரையும் சந்தேகப்படலாம். வெங்காய வேர்நுனியை நசுக்கி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது எங்களுக்குத் தெரிந்தது ஊதா நிறத்தில் ஒரு கலங்கல். நாங்கள் வரைந்ததோ உயிர்க்கலம் இரண்டாகப் பிரியும் அழகான படம், புத்தகத்தின் இன்ன பக்கத்தில் உள்ளபடி. வகுப்பில் நாற்பது பேரும் அப்படித்தான் புள்ளி வாங்கினோம்.

தப்பு. முப்பத்தொன்பது பேர்.

அந்த நாற்பதாவது பிறவி கிரான் என்ற ஊரில் இருந்து வந்து, மட்டக்களப்பு டவுனில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள். இரண்டு வருடம் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அன்று அவள் கால் மணித்தியாலம் நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். டீச்சர் வந்தார்.

"என்ன புள்ள, கண்டயா?"

"ஒரு வட்டம் தெரியுது டீச்சர். கரை கறுப்பு. உள்ளுக்கு ஒண்டுமில்ல."

"அது காத்துக் குமிழி. அத விட்டுத்துக் கலத்தப் பாரு."

"கலத்தக் காணல்ல டீச்சர்."

செய்முறைக் கொப்பியில் முழுப் பக்கத்துக்கு ஒரு வட்டம் கீறி, பென்சிலால் நிழல் கொடுத்து, அம்புக்குறி போட்டு, 'காற்றுக் குமிழி' என்று எழுதிக் கொடுத்தாள். டீச்சர் சிவப்பு மையால் பூச்சியம் போட்டு, பக்கத்தில் 'படம் நன்று' என்றும் எழுதினார். அன்றிலிருந்து அவள் பெயர் குமிழி. அம்மா அப்பா வைத்த பெயர் வகுப்பு இடாப்பில் மட்டும் இருந்தது.

அடுத்தது கரப்பொத்தான். வெளித்தோற்றத்தைப் பார்த்து எழுத வேண்டும். குமிழிக்குக் கிடைத்த கரப்பொத்தானுக்கு ஒரு கால் இல்லை. 'கால்கள் ஐந்து' என்று எழுதினாள்.

"ஆறு கால் புள்ள! ஒண்டு முறிஞ்சிரிக்கும்."

"முறிஞ்சத நான் காணல்ல டீச்சர்."

டீச்சர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தார். அவர் பொறுமைசாலி. நானாக இருந்தால் கரப்பொத்தானை விட்டுவிட்டு அவளை வெட்டிச் சோதித்திருப்பேன்.

இது வகுப்பறையோடு நிற்கிற வருத்தமும் இல்லை. "ஐந்தரை பஸ் போயிட்டா கா?" என்று கேட்டால், "போனத நான் காணல்ல" என்பாள். அந்த நம்பிக்கையில் அரை மணித்தியாலம் றோட்டில் நின்று, பிறகு அவளைத் திட்டிக்கொண்டே நடந்து போவோம். வகுப்பில் யாருக்கோ யாருக்கோ காதல் என்று கதை வந்தால் குமிழியின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வோம். "நீ கண்டயா?" என்று ஒரே கேள்வியில் அந்தக் கதையின் உயிரை எடுத்துவிடுவாள்.

உயர்தரத்தில் செயற்றிட்டம் என்று ஒன்று உண்டு. வெளியே போய்ச் சொந்தக் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. நானும் குமிழியும் எடுத்தது வாவிக்கரை நண்டுகள். உப்புத் தண்ணீரில் வளரும் கண்ணா மரங்களுக்கு அடியில், சேற்றில் நாலு தடி நட்டு நூல் கட்டி, அந்தச் சதுரத்துக்குள் எத்தனை நண்டு வளை இருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, வரைபடம் கீற வேண்டும். மற்றவர்கள் வீட்டுக் கதிரையில் இருந்தபடியே நண்டு எண்ணினார்கள். நான் மட்டும் குமிழியோடு சேர்ந்த பாவத்துக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை முழங்கால் சேற்றில் நின்றேன்.

அது சமாதான காலம் என்று சொல்லிக்கொண்ட காலம். ஆனாலும் ஆமியின் காவல் சென்றிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு நாள் பக்கத்துச் சென்றியில் இருந்து ஒரு ஆமிக்காரன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான். "நங்கி, மே மொகத?" என்று வரைபடத்தைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். குழிகள், குழிகளுக்கு இலக்கம், குழிக்கும் குழிக்கும் இடையில் தூரம், தண்ணீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம். இன்று நினைத்துப் பார்த்தால் நானே எங்களைப் பிடித்துக் கொடுத்திருப்பேன். அவன் போய்த் தமிழ் தெரிந்த ஆமிப் பெரியவரைக் கூட்டி வந்தான்.

"இந்த குழி எல்லாம் யார் தோண்டினது?" என்றார் அவர்.

"நண்டு சேர்! நண்டு!" என்று நான் கத்தினேன்.

"பொறு கா," என்றாள் குமிழி. "தோண்டினத நாங்க காணல்ல சேர்."

என் சீவியம் அந்தச் சேற்றிலேயே முடிந்தது என்று நினைத்தேன். குமிழி நிதானமாகத் தொடர்ந்தாள். "நண்டு உள்ளுக்குப் போறதக் கண்டிரிக்கம். தோண்டினது ஆரெண்டு தெரியா."

பெரியவர் பதினேழாம் நம்பர் குழிக்கு முன்னால் குந்தினார். ஆமிக்காரனும் குந்தினான். நாங்களும் குந்தினோம். உச்சி வெயிலில் அரை மணித்தியாலம் நாலு பேரும் ஒரு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு நண்டு சேற்று உருண்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, அதைப் போட்டுவிட்டுத் திரும்பவும் உள்ளே போயிற்று. "கக்குளுவா!" என்று ஆமிக்காரன் துள்ளி எழுந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். குமிழி மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்தாள்.

"இப்ப எழுதலாம்," என்றாள்.

அந்தச் செயற்றிட்டத்தைத் தை மாதம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கவில்லை. கிறிஸ்மசுக்கு மறுநாள் கடல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. நான் டவுனில் ரியூசன் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. அம்மாவும் அப்பாவும் ஒரு மாமரத்தைப் பிடித்துத் தப்பினார்கள். ஒன்பது வயதுத் தங்கச்சியின் கை அம்மாவின் கையில் இருந்து நழுவிவிட்டது. இரண்டு நாள் நான் ஒவ்வொரு பாடசாலையாக, கோயிலாகத் தேடினேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. அங்கே போவது அவளைக் கொன்றுவிடுவது மாதிரி இருந்தது.

குமிழி முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வரிசையாகக் கிடத்தியிருந்த சடலங்களை அதிக நேரம் வைத்திருக்க முடியாது. புதைப்பதற்கு முன் அடையாளம் எழுதிவைக்க ஆள் தேவைப்பட்டது. மற்றவர்கள் 'பெண், வயது நாற்பது இருக்கும்' என்று எழுதினார்கள். குமிழி 'இருக்கும்' என்ற சொல்லை எழுதுகிறவள் இல்லை. செய்முறைக் கொப்பியின் மிச்சத் தாள்களில், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கண்டதை எழுதினாள். 'பெண். வலது பெருவிரலில் நகம் இல்லை, பழைய காயம். இடது கையில் மூன்று வளையல், ஒன்று வேறு நிறம்.' அந்தக் கொப்பியை வாசித்து எத்தனையோ பேர் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்தார்கள். அப்போது அவளுக்கு வயது பதினெட்டு.

மூன்றாம் நாள் எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்தபோது, சடலங்களை ஏற்ற வந்த உழவு இயந்திரத்துக்கு முன்னால் குறுக்கே நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எழுதி முடியல்ல! எழுதி முடியல்ல எண்டு சொல்றனெல்லோ!"

என்னைக் கண்டதும் கொப்பியை நீட்டினாள். 'சிறுமி. மஞ்சள் சட்டை. கீழ் விளிம்பு பச்சை நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. தையல் கோணல்.' அந்தக் கோணல் தையல் என்னுடையது. மஞ்சள் நூல் முடிந்துவிட்டது என்று பச்சையால் தைத்ததற்குத் தங்கச்சி என்னோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டவள் குமிழி. அந்தச் சட்டை அவளுக்குத் தெரியும்.

"தெரிஞ்சும் ஏன் பேர எழுதல்ல?" என்று நான் அழுதேன்.

"முகத்துல ஒண்டும் விளங்கல்ல கா. சட்டயத்தான் நான் கண்டன். நீ வந்து பாரு. நீ சொன்னா எழுதுறன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். நான் பார்த்தேன். தங்கச்சியின் கையைப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் குமிழி பெயரை எழுதினாள்.

யுத்தம் அதற்குப் பிறகும் ஐந்து வருடத்துக்குக் கிட்ட நடந்தது. குமிழிக்கு ஒரே ஒரு தம்பி. அவன் எப்படிச் சண்டை நடந்த வன்னிக்குப் போனான் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். குமிழி சொன்னது ஒன்றுதான்: காலையில் சைக்கிளில் வட்டைக்கு, வயல் பார்க்கப் போனதைக் கண்டேன். பிறகு வன்னியில் இருந்து யாரிடமோ கொடுத்துவிட்ட நாலு வரிக் கடிதம் வந்தது. அதன் பின் ஒன்றும் இல்லை. சண்டை முடிந்ததும் தாயும் மகளும் முகாம் முகாமாக, பிடித்தவர்களை வைத்திருந்த தடுப்பு தடுப்பாக அவனுடைய படத்தைக் கொண்டு அலைந்தார்கள். சில வருடம் போன பிறகு ஒரு அரசாங்கக் கந்தோரில் படிவம் ஒன்றைக் கொடுத்து, நிரப்பித் தந்தால் மரணச் சான்றிதழ் தரலாம் என்றார்கள். தாய்க்கு எழுத வராது. ஒப்பம் வைக்க வேண்டியவள் குமிழி. 'இறந்த விதம்' என்ற இடத்தில் அவள் 'காணப்படவில்லை' என்று எழுதினாள்.

"தங்கச்சி, இது சோதினைப் பேப்பர் இல்ல," என்றாராம் உத்தியோகத்தர்.

"ஓம் சேர். அதுதான் கவனமா எழுதுறன்."

படிவம் திரும்பி வந்தது. அடுத்த முறையும் அதையே எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் அவள் தாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மகள், நீ சொன்னாக் கேப்பாள். ஒப்பம் வைக்கச் சொல்லு. ஒரு திவசமாவது குடுப்பம். இனி என்னால ஏலா."

குமிழி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"எத்தின வருசமாச்சு கா. ஊரெல்லாம் சொல்லுது. அம்மாவையும் கொஞ்சம் யோசி."

"நீ கண்டயா?"

"இல்ல."

"கண்ட ஒராளக் காட்டு. இப்பவே ஒப்பம் வைக்கன்."

அவள் கையில் இருந்த சீலையைப் பிழியாமலேயே வைத்துவிட்டாள்.

"உன்ட தங்கச்சிய நீ கண்டாய். கையப் புடிச்சாய். எனக்கு அதாவது வேணும் கா."

அவள் அழுததை நான் கண்டது அந்த ஒரு தரம்தான். ஆஸ்பத்திரி வாசலில் அந்த மஞ்சள் சட்டையைப் பார்த்ததுதான் என் வாழ்க்கையிலேயே மிகக் கொடிய நேரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு கொடுப்பினை என்று, அதைக்கூடக் கேட்டு ஒருத்தி இப்படி ஏங்குகிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கொடுப்பினையை எனக்கு வாங்கித் தந்தவளும் அவள்தான். நான் அவளுக்கு என்ன செய்ய முடியும்? சேர்ந்திருந்து அழுதேன். பிறகு மிச்ச உடுப்பை இரண்டு பேருமாகத் தோய்த்துக் காயப்போட்டோம்.

"அவள் மாட்டாளாம் மாமி," என்று தாயிடம் போய்ச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"நல்லது மகள்," என்றார். "என்ட புள்ள காணாததச் சொல்ல மாட்டாள். அவள் சொல்லாத வரைக்கும் எனக்குப் பொடியன் இரிக்கான்."

அதற்குப் பிறகு அவர் திவசத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை. நாலைந்து வருடத்துக்கு முன் அவர் காலமாகிவிட்டார். படிவம் இன்னும் முடியவில்லை.

குமிழி கிரானிலேயே பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். தனியாகத்தான் இருக்கிறாள். மாதத்தில் ஒரு தரமாவது போன் எடுப்பாள். "எப்பிடி இரிக்காய்?" என்பாள். "நல்லா இரிக்கன்," என்பேன். எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற பதில். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டுவிடுவார்கள்.

"அத வந்து பாத்துத்துத்தான் சொல்லுவன்," என்பாள் குமிழி. அந்தக் கிழமையே பஸ் ஏறி வந்து, என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் முகத்தை ஏற இறங்கப் பார்ப்பாள். அவள் வந்து பார்க்கிற அந்த நாளில், நான் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறேன்.