கறிவேப்பிலைச் சாடிக்குள் போன கறுப்பு

ஞாயிறு இதழில் மேனி நலப் பகுதியை நடத்தும் ஆசிரியை அம்மா அவர்களுக்கு,

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து, அரச சேவையில் இளைப்பாறிய நில அளவையாளன் இராசரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எடுத்த கையைப் பார்த்ததும் அந்த வரியை எழுத மனம் வரவில்லை.

பெண்கள் பக்கத்துக்கு ஓர் ஆண்பிள்ளை, அதுவும் இந்த வயதில், கடிதம் எழுதுவதை மன்னிக்க வேண்டும். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. தங்கள் பகுதியில் அக்குள் என்று அச்சிட்டிருந்ததை நாங்கள் வீட்டில் கமக்கட்டு என்போம். அதையும் உரத்துச் சொல்வதில்லை. ஆனால் என் மகள் உஷாந்திக்கு வருகிற வியாழக்கிழமை கல்யாணம். அது நடக்குமா நடக்காதா என்பது இப்போது அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

விஷயம் இதுதான். கல்யாணச் சட்டை அளவு பார்க்கத் தையற்காரியிடம் போயிருந்தோம். உஷாந்தி ஆசைப்பட்டுக் கேட்டது கையில்லாச் சட்டை. போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கினாள். மாப்பிள்ளையின் தாயார், பாமன்கடையில் இருக்கிற சம்பந்தி அம்மா பத்மலோஜினி, சுட்டுவிரலை நீட்டினார். "பிள்ளை, மாலை போடேக்க கையைத் தூக்குவியெல்லோ? வீடியோக்காரன் அதைத்தான் எடுப்பான். அதுக்கு முதல் உந்தக் கறுப்பைக் கொஞ்சம் வெளுக்கப் பண்ணு." தையற்காரியின் வாயில் இருந்த குண்டூசி விழுந்தது. சபையில் நான் அடக்கமாக நடப்பவன். கையை விரித்து, "சம்பந்தி அம்மா சொல்லுறதும் ஞாயம்தானே" என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிலிருந்து என் மகள் கையைத் தூக்குவதில்லை. காலி வீதி பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்காமல், பிரேக் அடிக்க அடிக்க ஆட்கள் மேல் போய் விழுந்து ஏச்சு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்தக் கிழமை இதழில்தான் அந்தக் கறுப்புக்குத் தங்கள் குறிப்பு வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். தேசிக்காயும் அப்பச்சோடாவும் தோலை எரிக்கும், தொடவே வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இறுக்கமான சட்டையும் மழிக்கிற கத்தியும் உரசுவதாலேயே பாதிக் கறுப்பு வரும் என்றும் எழுதியிருந்தீர்கள். கடலைமா, தயிர், உருளைக்கிழங்குச் சாறு, ஒரு சிட்டிகை மஞ்சள், இவ்வளவும் குழைத்துப் பூசி மெல்லக் கழுவவும் என்றிருந்தது. என் மனைவி நாகேஸ்வரி மணிக்கட்டு முறிந்து மாக்கட்டுப் போட்டிருப்பதால் கிழங்கு துருவி மா குழைக்கிற உத்தியோகம் எனக்கு வந்தது. "வெளுத்தா என்ன, வெளுக்காட்டி என்ன, பிள்ளையை விடுங்கோ" என்று அவள் சத்தம் போட்டாள். நான் விடவில்லை. காணி அளந்த கை, அளவு பிசகாமல் குழைத்தேன்.

ஒரு நிபந்தனை மட்டும் நாகேஸ்வரி போட்டாள். கல்யாணப் பெண்ணின் உடம்பில் பட்டுக் கழிந்ததைக் குப்பையில் போடக் கூடாது, எவராவது எடுத்துச் செய்வினை செய்துவிடுவார்கள் என்பது எங்கள் ஆட்களின் பயம். ஊரில் என்றால் கிணற்றடி வாழைக்கு ஊற்றலாம். மூன்றாம் மாடியில் வாழைக்கு எங்கே போவது? பல்கனியில் ஒரு சாடியில் கறிவேப்பிலை நிற்கிறது. அதற்குள் ஊற்றச் சொன்னாள். காலையில் நான் கோப்பையைக் குளியலறைக் கதவால் நீட்டுவேன். உஷாந்தி கழுவிய தண்ணீரை வாளியில் கொண்டுபோய்ச் சாடிக்குள் ஊற்றுவாள். ஊற்றும்போது யாருடனோ மெல்லக் கதைப்பது கேட்கும். போனில் கதைக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். போன் பார்த்தால் ஹோலில் சார்ஜில் கிடக்கும்.

அம்மா, பிறகு அந்தச் செடி கறுப்பாகத் துளிர்த்தது. வாடின கறுப்பில்லை, மினுமினுப்பான கறுப்பு. கடல் பக்கம் வெயில் இருக்க, இலையெல்லாம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளவத்தைக் காகங்கள் எதற்கும் அஞ்சாதவை. அவைகூட அந்தக் கம்பியில் குந்துவதை விட்டுவிட்டன. கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது எங்கள் யன்னல், அலுமாரி, என் பல் செட் எல்லாம் ஆடும், அது மட்டும் ஆடாது. கோச்சி இல்லாத நேரம் தன்பாட்டில் ஆடும். நான் நாகேஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஊத்தின பசளை கூடிப்போச்சு" என்றாள்.

போன ஞாயிறு சம்பந்தி வீட்டாருக்கு மதியச் சாப்பாடு. வீட்டில் மரம் நிற்கக் கடைக்குப் போவதா என்று நாகேஸ்வரி என்னை விரட்டினாள். ஒரு நெட்டு முறித்தேன். ஐஸ் கட்டியைப் பிடித்தது மாதிரிக் கை விறைத்தது. பருப்புக்கும் கத்தரிக்காய்க்கும் அதைத்தான் தாளித்தோம். வாசம் தெருவரைக்கும் போயிருக்கும். எல்லோரும் சாப்பிட்டோம். மாப்பிள்ளை சுகிர்தன் வெட்கமில்லாமல் திரும்பத் திரும்பப் போட்டு, ஒதுக்க வேண்டிய இலையையும் மென்று விழுங்கினார்.

மறுநாள் சம்பந்தி அம்மா போன் எடுத்தார். அவருடைய சுட்டுவிரல் நுனி கறுத்துவிட்டதாம். தேய்க்கத் தேய்க்க ஏறுகிறதாம். நான் என் வலது உள்ளங்கையைப் பார்த்தேன். ஐயோ அம்மா! கிழங்கு துருவி மா குழைத்த உள்ளங்கை முழுக்க அட்டக்கறுப்பு. இரண்டு பேரும் ஒரே தோல் வைத்தியரிடம் போய் ஒரே வாங்கில் குந்தியிருந்தோம். அவர் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். "இதில நோய் வருத்தம் ஒண்டும் இல்லை ஐயா. இது கமக்கட்டுத் தோல். எல்லாருக்கும் இருக்கிற நிறம்தான். ஆனா இது ஏன் இங்க நிக்குது?" என்று எங்களையே கேட்டார்.

செய்வினைக்காரக் குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டேன் என்று சம்பந்தி அம்மா நிற்கிறார். விரலில் முதல் கணு தாண்டிவிட்டது. ஆகவே அம்மா, என் மகளிடமிருந்து கழன்ற கறுப்பைத் திரும்ப அவளிடமே சேர்ப்பதற்கு ஏதேனும் இயற்கை முறை இருந்தால், வியாழனுக்கு முதல் தயவுசெய்து அறியத்தரவும்.

தங்கள் குடும்பத்தில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு என் ஆசிகள். தங்கள் கை என்றும் நிறம் மாறாதிருக்கப் பிரார்த்திக்கும்,

சி. இராசரத்தினம்

பி.கு: தபாலில் போடக் கொடுத்த இந்தக் கடிதத்தை உஷாந்தி வாசித்துவிட்டாள். வாசித்துச் சிரித்துக்கொண்டே மேல்தட்டுச் சீனி டின்னை எடுக்கக் கையைத் தூக்கினாள். அம்மா, அது இருந்தது இருந்தபடியே இருக்கிறது! கொஞ்சமும் வெளுக்கவில்லை.

"நான் ஒரு நாளும் பூசேல்லையப்பா" என்றாள். "நீங்கள் தாற கோப்பையை அப்பிடியே வாளித் தண்ணியில கரைச்சுக் கொண்டுபோய்ச் சாடிக்குள்ள ஊத்தினனான். ஊத்தேக்க மாமி சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் அதுக்குச் சொல்லுறனான். வேற ஆருக்குச் சொல்ல?"

"அப்ப சுகிர்தன் அவ்வளவு திண்டாரே, அவருக்கு ஏன் ஒண்டும் வரேல்லை?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லையே."

உடனே சம்பந்தி அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். மனுஷி ஓட்டோவில் பறந்து வந்து, பல்கனிக்கே போய், உஷாந்தியின் கையைப் பிடித்து, "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது பிள்ளை, உனக்கு விருப்பமான சட்டையைப் போடு" என்றார். போகும்போது நகக்கண் வெளுத்திருந்தது. கல்யாணம் சொன்ன நாளில் நடக்கும். ஆகவே மேலே கேட்ட முறை எதுவும் வேண்டாம், அம்மா.

என் உள்ளங்கை மட்டும் அப்படியே இருக்கிறது. தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தாலி எடுத்துக் கொடுக்கையில் துவாயால் மறைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கறுப்பு மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. கோச்சி எதுவும் போகவில்லை, செடி ஆடுகிறது. உஷாந்தி அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருங்கள் அம்மா, எழுந்து போய் அவளிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.